முதுகுவலி உள்ளவர்கள் பைக் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை என்ன? எந்த வகை வண்டி இடுப்பைக் காக்கும்?

முதுகுவலி என்று மருத்துவரிடம் செல்வோருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரைகளில் ஒன்று, 'கொஞ்ச நாள் பைக் ஓட்டாதீர்கள்' என்பதாகும். இருசக்கர வாகனச் சந்தைகளில் உலகின் முன்வரிசையில் உள்ள இந்தியாவில் இந்த அறிவுரையைப் பல வாரங்கள் கடைப்பிடிக்கக் கூடியவர்கள் மிகச் சிலரே. அலுவலகம், கடை, குழந்தைகளின் பள்ளி என அன்றாட வாழ்க்கை முழுவதும் பைக்கின் மீதே ஓடுகிறது. கார் வாங்கும் வசதியோ, வீட்டு வாசலில் பேருந்து வசதியோ எல்லோருக்கும் இல்லை. எனவே ஓட்டலாமா கூடாதா என்ற கேள்வியைக் காட்டிலும், எந்த வண்டியை எப்படி ஓட்டுவது என்பதே பெரும்பாலோருக்கு உண்மையான கேள்வியாக இருக்கிறது.

விளம்பரங்களில் 'சொகுசு' என்ற சொல் தாராளமாகப் பயன்படுத்தப்படுகிறது. ஆனால் பார்வைக்குச் சொகுசாகத் தெரியும் வண்டியும் முதுகெலும்புக்கு இதமான வண்டியும் பல நேரங்களில் ஒன்றல்ல. மெத்தென்ற இருக்கையும் நீட்டிப் படுத்தாற்போன்ற அமர்வும் முதல் பத்து நிமிடங்களுக்கு இதமாக இருந்து, ஒரு மணி நேரத்தில் இடுப்பைப் பதம் பார்த்துவிடக் கூடும்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் வலியின் தன்மையை அறிந்துகொள்வது அவசியம். காலில் பலம் குறைதல், பாதம் தூக்க முடியாமை, தொடையின் உட்பகுதியிலும் ஆசனவாய்ப் பகுதியிலும் மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டை இழத்தல் ஆகிய அறிகுறிகள் இருந்தால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பைக் தேர்வு பற்றி யோசிக்கும் நேரம் அதுவல்ல. எலும்புப்புரை உள்ள முதியவர்களுக்குப் பெரிய பள்ளத்தில் வண்டி ஒருமுறை விழுந்து எழுவதே முதுகெலும்பில் நசுங்கல் முறிவை ஏற்படுத்தப் போதுமானது. இத்தகையோர் பின்னிருக்கையில் அமர்வதையும் தவிர்ப்பது நல்லது.

வலி எங்கிருந்து வருகிறது?

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் எலும்புகளுக்கு இடையே அமைந்துள்ள டிஸ்க் எனப்படும் வட்டுகளே அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தைகளாகச் செயல்படுகின்றன. அவற்றில் அதிகம் பாதிக்கப்படுபவை எல்-4, எல்-5 எலும்புகளுக்கு இடையிலும், எல்-5 எலும்புக்கும் அதன் கீழுள்ள திருவெலும்புக்கும் இடையிலும் இருக்கும் வட்டுகள். உடலின் மேற்பகுதி எடை முழுவதும் இறங்கும் இடம் அதுவே.

அமர்ந்திருக்கும் மனித உடல், செங்குத்தாக வரும் அதிர்வுகளில் நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை நிகழும் அசைவுகளுக்கே அதிகமாக ஆட்படுகிறது. முதுகெலும்பின் இயல்பான அதிர்வு எண் சுமார் 5 ஹெர்ட்ஸ் என்பதே இதற்குக் காரணம். குண்டும் குழியுமான சாலையில் வண்டி தூக்கிப்போடும்போது இருக்கை வழியாக ஏறுவது பெரும்பாலும் இந்த வகை அசைவுதான். இஞ்சின் அதிர்வு இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. ஒற்றை சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது எழும் அதிர்வு நொடிக்கு 50 முறை என்ற அளவில் இருக்கும். அது உள்ளங்கையையும் பாதத்தையும் மரத்துப்போகச் செய்யும். முதுகெலும்பு வரை அதிகம் செல்வதில்லை. 'இஞ்சின் பட்டுப்போல் ஓடுகிறது, முதுகுக்கு நல்லது' என்று ஷோரூமில் சொல்லப்படும் வாதத்துக்குப் பெரிய அடிப்படை இல்லை. இடுப்பைப் பொறுத்தவரை இஞ்சினைவிட ஷாக் அப்சார்பரே முக்கியம்.

அமரும் கோணம்

இந்தியச் சாலைகளில் ஓடும் பைக்குகளை அமரும் முறையை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். யமஹா ஆர்15, கேடிஎம் ஆர்சி போன்ற பந்தய பாணி வண்டிகளில் ஹேண்டில்பார் தாழ்வாகவும் கால்மிதி பின்னோக்கியும் இருக்கும். ஓட்டுபவர் முன்னோக்கி வளைந்து, உடலின் எடையை மணிக்கட்டிலும் கழுத்திலும் சுமக்க நேரிடுகிறது. நெடுஞ்சாலையில் அதிவேகத்தில் எதிர்க்காற்று மார்பைத் தாங்கிக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் பெங்களூரு அல்லது மும்பை நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும்போது அந்த உதவி கிடைப்பதில்லை. முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள் இந்த வகையை அழகு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

அடுத்தது குரூசர் வகை. பஜாஜ் அவெஞ்சர் இதற்கு நன்கு அறிமுகமான எடுத்துக்காட்டு. இருக்கை உயரம் 737 மி.மீ. மட்டுமே என்பதால் ஏறுவதும் இறங்குவதும் எளிது. கால் நன்றாகத் தரையில் பதியும். முதுகுவலி உள்ள பலர் முதலில் தேடிச் செல்வது இந்த வகையைத்தான். சிக்கல் கால்மிதியில் இருக்கிறது. கால்கள் முன்னோக்கி நீளும்போது இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாய்கிறது. கீழ்முதுகின் இயற்கையான வளைவு தட்டையாகிறது. அதைவிட முக்கியமாக, பள்ளம் வரும்போது கால்களை ஊன்றி இருக்கையிலிருந்து சற்று எழ முடியாது. அடி முழுவதும் வால் எலும்பு வழியாக நேரே முதுகில் இறங்குகிறது. வழவழப்பான விரைவுச்சாலைகளில் குரூசர் இதமாகவே இருக்கும். தெருவுக்கு இரண்டு வேகத்தடைகள் உள்ள ஊரில் அந்த இதம் நீடிப்பதில்லை.

மூன்றாவது, நிமிர்ந்து அமரும் வழக்கமான பைக்குகளும் அட்வென்ச்சர் வகை பைக்குகளும். இவற்றில் கால்மிதி ஏறத்தாழ உடலுக்கு நேர் கீழே அமைகிறது. முழங்கால் இயல்பாக மடங்குகிறது. ஹேண்டில்பார் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. முதுகு மிகச் சற்றே முன்சாய்ந்து, தொடைகள் டேங்கைப் பற்றியிருக்கும் இந்த அமர்வே இடுப்புக்கு உகந்தது. வேகத்தடையைக் காணும்போது பிட்டத்தை ஓர் அங்குலம் தூக்கினால் போதும், முதுகுக்குப் போக வேண்டிய அடியில் பெரும்பகுதியை முழங்கால்கள் ஏற்றுக்கொள்கின்றன. எந்த வண்டியைப் பார்த்தாலும், அமர்ந்த நிலையில் கைகளைக் கொண்டு இழுக்காமல், கால்களை மட்டும் ஊன்றி எழ முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். முடியவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

சஸ்பென்ஷனும் இருக்கை உயரமும்

சக்கரம் மேலும் கீழும் எவ்வளவு தூரம் அசைய முடியும் என்பதே சஸ்பென்ஷன் அசைவுத் தூரம். இது கூடக் கூட, பள்ளத்தின் அடியை மெதுவாக வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வண்டியில் இது முன்னும் பின்னும் தலா 200 மி.மீ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி வண்டியில் முன்பக்கம் 190, பின்பக்கம் 170 மி.மீ. குறைந்த விலைப் பிரிவில் பஜாஜ் பிளாட்டினா 100 முன்பக்கம் 135, பின்பக்கம் 110 மி.மீ. என்ற அளவைக் கொண்டுள்ளது. எளிய தோற்றம் கொண்ட இந்த வண்டி, விலை அதிகமான பல பைக்குகளைக் காட்டிலும் முதுகுக்கு இதமானது. 'அது பெரியவர்கள் ஓட்டும் வண்டி' என்று இளைஞர்கள் ஒதுக்குவதற்கும் அதன் குணத்துக்கும் தொடர்பில்லை.

அசைவுத் தூரம் கூடினால் இருக்கையும் உயர்ந்துவிடும் என்பதே இதிலுள்ள சிக்கல். ஹிமாலயன் 450இன் வழக்கமான இருக்கை உயரம் 825 மி.மீ. எக்ஸ்பல்ஸும் ஏறக்குறைய அதே உயரம். இடுப்பு இறுகியுள்ள ஒருவர் அந்த உயரத்துக்குக் காலை வீசி ஏறுவதே ஒரு சோதனை. சிக்னலில் நுனிக்காலில் நின்று கனமான வண்டியைத் தாங்குவது அதைவிடப் பெரிய சோதனை. பயணம் முழுவதும் காப்பாற்றப்பட்ட முதுகு, வீட்டு வாசலில் இறங்கும்போது பிடித்துக்கொள்வதால் பயன் என்ன? இரண்டு பாதங்களின் முன்பாதியாவது தரையில் உறுதியாகப் பதிய வேண்டும் என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரே பெயரில் வரும் வண்டியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதைப் பழைய வண்டி வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டும். ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350, 2022இல் அறிமுகமானபோது அதன் பின்பக்க சஸ்பென்ஷன் கடினமாக இருப்பதாக விமர்சனம் எழுந்தது. 2025ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்பிரிங் அமைப்பு மாற்றப்பட்டது.

ஸ்கூட்டர் நல்லதா?

கியர் இல்லை, காலை வீசி ஏற வேண்டியதில்லை, நேராக நாற்காலியில் அமர்வதுபோல் அமரலாம் என்பதால் முதுகுவலி உள்ளவர்களுக்கு ஸ்கூட்டரே சிறந்தது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஏறி இறங்கும் வசதியைப் பொறுத்தவரை அது சரி. ஓடும்போது நிலைமை மாறுகிறது. சாதாரண பைக்கின் சக்கரம் 17 அல்லது 18 அங்குலம். ஹோண்டா ஆக்டிவா 6ஜி வண்டியில் முன்சக்கரம் 12 அங்குலம், பின்சக்கரம் 10 அங்குலம் மட்டுமே. பெரிய சக்கரம் உருண்டு கடந்துவிடும் குழியில் சிறிய சக்கரம் உள்ளே இறங்கி ஏறுகிறது. மேலும் பெரும்பாலான பெட்ரோல் ஸ்கூட்டர்களில் இஞ்சினே பின்சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுகிறது. இவ்வளவு கனம் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும்போது ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடிவதில்லை. எஞ்சிய அடி இருக்கைக்கு வருகிறது. பாதங்கள் பலகையில் முன்னே இருப்பதால் எழுந்துகொள்ளவும் வழியில்லை.

வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள், ஓரளவு நல்ல சாலையில் சென்று வருபவருக்கு ஸ்கூட்டர் போதுமானது. தினமும் 30 கிலோமீட்டர் மோசமான சாலையில் செல்பவர் பைக்கையே நாட வேண்டும். ஸ்கூட்டர்தான் வேண்டும் எனில் இரு பக்கமும் 12 அங்குலச் சக்கரமும் முன்பக்கம் டெலஸ்கோபிக் ஃபோர்க்கும் கொண்ட டிவிஎஸ் ஜூபிடர் போன்றவற்றைப் பார்க்கலாம். மின்சார ஸ்கூட்டர்களிலும் வேறுபாடு உண்டு. டிவிஎஸ் ஐக்யூப் வண்டியில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே உள்ளது. ஏத்தர் 450 வரிசையில் மோட்டார் வண்டியின் நடுப்பகுதியில் அமைந்து, பெல்ட் மூலம் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்தில் கனம் குறைவது சஸ்பென்ஷனுக்கு நல்லது. எனினும் இவ்விரண்டிலும் உள்ள ரிவர்ஸ் வசதி, நெருக்கமான வாகன நிறுத்தத்திலிருந்து வண்டியைக் குனிந்து பின்னோக்கி இழுக்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது. முதுகுவலி உள்ளவருக்கு இது சிறிய உதவி அல்ல.

நின்றுகொண்டிருக்கும் வண்டியின் கனம்

முதுகு பிடித்துக்கொள்ளும் தருணங்களில் பல, வண்டி ஓடாதபோதே நேர்கின்றன. சென்டர் ஸ்டாண்ட் போடுவது, கிக்கரை உதைப்பது, பஞ்சரான வண்டியைத் தள்ளுவது, அருகில் நிற்கும் நான்கு வண்டிகளை நகர்த்திவிட்டுத் தன் வண்டியை எடுப்பது ஆகியவை அவற்றில் சில. 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள், ஒரு தன்னார்வலரின் கீழ்முதுகு வட்டுக்குள் உணர்கருவியைப் பொருத்தி அழுத்தத்தை அளந்தனர். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கலாக இருந்த அழுத்தம், முதுகை வளைத்து 20 கிலோ எடையைத் தூக்கியபோது 2.3 மெகாபாஸ்கலாக உயர்ந்தது. முழங்காலை மடக்கி முறையாகத் தூக்கியபோது அது 1.7 ஆகக் குறைந்தது. வளைந்து திரும்பி வண்டியை இழுக்கும்போது வட்டு படும் பாட்டை இதிலிருந்து ஊகிக்கலாம்.

ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ. பிளாட்டினா 117 கிலோ அளவில் உள்ளது. ஹோண்டா யூனிகார்ன் சுமார் 140 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியோ 195 கிலோ. கனமான வண்டி ஓடும்போது சிறு மேடுகளை அமுக்கிக்கொண்டு செல்லும். நிற்கும்போது அந்தக் கனமே பகையாகிவிடும். இடநெருக்கடி உள்ள நகரத்தில் வசிப்பவருக்கு 110 முதல் 150 கிலோ வரையிலான வண்டிகளே பொருத்தம். வீட்டில் தனி நிறுத்துமிடமும், வார இறுதியில் நெடும்பயணமும் இருப்பவர் அதற்கு மேல் செல்வதைப் பற்றி யோசிக்கலாம். செல்ஃப் ஸ்டார்ட் எல்லோருக்கும் கட்டாயம். சென்டர் ஸ்டாண்டைக் கைபலத்தால் தூக்காமல், உடல் எடையை ஸ்டாண்டின் மீது காலால் இறக்கிப் போடும் முறையைக் கற்றுக்கொள்வதும் அவசியம்.

செலவில்லாத மாற்றம்

புதிய வண்டி வாங்கும் முன் இருக்கும் வண்டியில் ஒன்றைச் சரிபார்க்கலாம். இந்தியாவில் விற்கப்படும் சாதாரண பைக்குகளின் பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டு பேரையும் மூட்டைகளையும் சுமக்கும் எதிர்பார்ப்புடன் வடிவமைக்கப்படுகின்றன. தனியாக ஓட்டும் 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அவை கல்லைப்போல் இருப்பதில் வியப்பில்லை. பெரும்பாலான வண்டிகளில் ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை மாற்றும் ஐந்து படி வளையம் உள்ளது. தனியாக ஓட்டுபவர் அதை மிகத் தளர்வான படிக்குக் கொண்டுவரலாம். இருவர் செல்லும் நாளில் இரண்டு மூன்று படி ஏற்றலாம். தளர்வான நிலையில் அதிகச் சுமையேற்றினால் ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி அடியில் இடிக்கும். அந்த இடி முதுகுக்கு மிகக் கெடுதல். ஓட்டுபவர் அமரும்போது வண்டியின் பின்பகுதி அசைவுத் தூரத்தில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் அமைப்பு சரியாக இருக்கிறது எனக் கொள்ளலாம். மெக்கானிக்குக்கு இது ஐந்து நிமிட வேலை. வண்டி வாங்கிப் பல ஆண்டுகள் ஆகியும் அந்த வளையம் தொழிற்சாலையில் வைத்த இடத்திலேயே இருப்பது சாதாரணமாகக் காணப்படுகிறது.

காற்றழுத்தமும் அப்படியே. தனியாக ஓட்டும்போதும் இருவர் செல்லும்போதும் பின்சக்கரத்துக்குத் தனித்தனி அளவுகளைப் பல நிறுவனங்கள் கையேட்டில் அச்சிடுகின்றன. பெட்ரோல் பங்கில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவாக அழுத்தி நிரப்பப்படும் டயர், சாலையின் ஒவ்வொரு கல்லையும் முதுகுக்கு அறிவிக்கும். கையேட்டு அளவுக்குக் கீழே குறைப்பதும் தவறு. வண்டி கட்டுப்பாட்டை இழக்கும்.

ஓட்டிப் பார்ப்பது

ஷோரூம் ஊழியர் தரும் சோதனை ஓட்டம் பொதுவாக நல்ல சாலையில் பத்து நிமிடம். இடுப்பு வலி தலைகாட்ட நாற்பது நிமிடமாவது ஆகும். எனவே வாங்க நினைக்கும் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, அன்றாடம் செல்லும் சாலையிலேயே, அன்றாடம் செல்லும் நேரத்தில் ஓட்டிப் பார்ப்பது சிறந்த வழி. கோவா, பெங்களூரு போன்ற இடங்களில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துகள் கொண்ட வாடகை பைக்குகள் எளிதில் கிடைக்கின்றன. மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்போது முதுகு சொல்வதே இறுதித் தீர்ப்பு. வலி இடுப்பிலிருந்து தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இறங்கியிருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

நகர வேகத்தடைகளையும் சோதனையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் பரிந்துரைப்படி, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏற்ற வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மென்மையான வளைவாக இருக்க வேண்டும். குடியிருப்போர் தாங்களாகவே போட்டுக்கொள்ளும் குறுகிய சிமென்ட் மேடுகளுக்கும் இதற்கும் உறவே இல்லை. அத்தகைய மேட்டை எந்த வண்டியாலும் இதமாகக் கடக்க முடியாது. நடை வேகத்துக்கு இறங்குவதே வழி.

இருக்கை விஷயத்தில் விரல் அழுத்தினால் புதையும் ஸ்பாஞ்சைவிட, அகலமாகவும் சற்று உறுதியாகவும் இருப்பது மேல். மிருதுவான ஸ்பாஞ்ச் அரை மணி நேரத்தில் அமுங்கி, அடித்தகடு தட்டத் தொடங்கும். டேங்கை நோக்கிச் சரியும் இருக்கை உடலைத் தொடர்ந்து முன்னே தள்ளுவதால் இடுப்புத் தசை ஓய்வின்றி இழுபடும். இதைச் சீட் கவர் கடையில் சமன்செய்துகொள்ளலாம். மடிக்கணினிப் பையை முதுகில் மாட்டாமல் வண்டியில் கட்டுவதும், முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி இரண்டு நிமிடம் நடப்பதும் எந்த உதிரிப்பாகத்தையும்விட அதிகம் உதவும். இடுப்பு பெல்ட்டை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொன்ன காலத்துக்கு மட்டுமே அணிய வேண்டும்.

குடும்பத்தில் முதுகுவலி பின்னால் அமர்பவருக்கு இருந்தால் கணக்கு மாறுகிறது. பின்னிருக்கை ஏறத்தாழ பின்சக்கரத்துக்கு மேலேயே இருப்பதால், ஓட்டுபவரைவிட அதிக அடி அங்கேயே விழுகிறது. வரும் பள்ளத்தைப் பார்த்துத் தயாராகவும் அவரால் முடியாது. உயரமாகவும் குறுகலாகவும் பிரிந்திருக்கும் பின்னிருக்கையைத் தவிர்த்து, ஒரே நீள இருக்கை கொண்ட வண்டியைத் தேர்வு செய்யலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆவது விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் இருக்க வேண்டும் என்கிறது. இந்தக் கைப்பிடியைத் தோற்றத்துக்காகக் கழற்றிவிடக் கூடாது. புடவை அணிந்து ஒரு பக்கமாக அமரும்போது இடுப்பு ஒரு திசையிலும் தோள் மறு திசையிலும் முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கத்தின் மீது பள்ளத்தின் அடியும் சேரும்போது வட்டுக்குச் சுமை கூடுகிறது. முதுகுவலி உள்ள பெண்கள் இருபுறமும் கால் போட்டு அமர்வதே பாதுகாப்பானது. அது இயலாதபோது, அன்றைய பயணத்துக்கு ஆட்டோவே மேல்.